ஓசோ நிலச்சரிவு: ஒரு கவுண்டியின் ஆபத்துக் கணக்கு எங்கே தவறியது

2014 மார்ச் 22, சனிக்கிழமை. காலை மணி 10:37. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஓசோ என்ற ஊருக்கு அருகே, ஸ்டில்லாகுவாமிஷ் ஆற்றின் வட கிளையை ஒட்டிய 180 மீட்டர் உயரச் சரிவொன்று பெயர்ந்து இறங்கியது. ஏறத்தாழ 80 லட்சம் கன மீட்டர் மண்ணும் மணலும் களிமண்ணும் ஆற்றைக் கடந்தன. எதிர்க்கரையில் இருந்த ஸ்டீல்ஹெட் ஹேவன் குடியிருப்பை மூடின. அதையும் தாண்டி, மாநில நெடுஞ்சாலை 530-இன் மேல் ஏறி நின்றன. சராசரி வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். பள்ளத்தாக்கைக் கடக்க ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. 43 பேர் இறந்தார்கள். 49 வீடுகளும் பிற கட்டடங்களும் அழிந்தன. கடைசி உடல் ஜூலை மாதத்தில்தான் கிடைத்தது.

நிலநடுக்கமோ எரிமலையோ அணை உடைப்போ தூண்டாமல் தானாக நடந்த நிலச்சரிவுகளில், அமெரிக்கப் பெருநிலப் பகுதியில் இவ்வளவு உயிர்களைக் கொண்டுபோனது வேறில்லை. சரிவு நடந்த அடுத்த சில நாட்களில் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) தரப்பிலிருந்து வந்த பதில், யாருமே இதை எதிர்பார்க்கவில்லை என்பதுதான். அதற்குச் சில நாட்களுக்குள் பழைய அறிக்கைகள் ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கின.

"தெரிந்தும் மறைத்தார்கள்" என்று ஒரு கட்சி, "இயற்கையை யார் கணிக்க முடியும்" என்று இன்னொரு கட்சி. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. மலை ஆபத்தானது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஆபத்தை எப்படி அளந்தார்கள் என்பதில்தான் கோளாறு. இந்த ஆய்வு அந்த அளவுகோலைப் பற்றியது.

கவுண்டியும் அதன் ஆபத்துப் பட்டியலும்

ஓசோ இருப்பது ஸ்னோஹோமிஷ் கவுண்டியில். அதன் தலைநகரம் எவரெட். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 8,27,957. மேற்கில் பியூஜெட் சவுண்ட் கடற்கரை, கிழக்கில் கேஸ்கேட் மலைத்தொடர். இந்த இரண்டுக்கும் இடையில் இயற்கை வைத்திருக்கும் சாமான்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். கவுண்டியின் எல்லைக்குள்ளேயே 3,213 மீட்டர் உயர கிளேசியர் பீக் எரிமலை இருக்கிறது. அது பழங்காலத்தில் வெடித்தபோது சாம்பலும் நீரும் கலந்த சேற்றோட்டம் இதே ஸ்டில்லாகுவாமிஷ் பள்ளத்தாக்கு வழியாகக் கடல்வரை போயிருக்கிறது. தெற்கு விட்பி தீவுப் பிளவு என்ற நிலநடுக்கப் பிளவு கவுண்டியின் ஊடே ஓடுகிறது. வெளியே கடலடியில் கேஸ்கேடியா. 1700 ஜனவரி 26-இல் சுமார் 9 அளவு நிலநடுக்கமாகக் குலுங்கிய அதே பிளவு. மன்ரோ ஊருக்கு அருகே ஸ்கைகோமிஷ், ஸ்னோகுவால்மி ஆறுகள் கூடி ஸ்னோஹோமிஷ் ஆறாகும் இடத்தில் வெள்ளம் வழக்கமான விருந்தாளி. கடற்கரை மேடுகள் மழைக்காலத்தில் ரயில் பாதையின் மேல் சரியும். 1997 ஜனவரியில் வுட்வேயில் ஒரு சரிவு சரக்கு ரயிலின் பெட்டிகளையே கடலுக்குள் தள்ளிவிட்டது. 2022-இல் போல்ட் கிரீக் காட்டுத்தீயும் வந்து பட்டியலில் தன் இடத்தை உறுதிசெய்தது.

2000-ஆம் ஆண்டின் பேரிடர் தணிப்புச் சட்டப்படி, கூட்டாட்சி அரசின் தணிப்பு நிதி வேண்டுமென்றால் உள்ளாட்சி அமைப்பு தன் ஆபத்துகளை ஆராய்ந்து திட்டம் எழுத வேண்டும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஃபெமா என்ற கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை அமைப்பு அதை ஏற்க வேண்டும். ஸ்னோஹோமிஷ் எழுதியது. நிலச்சரிவும் அதில் இருந்தது. ஆக, பட்டியலில் விடுபட்டது என்ற குற்றச்சாட்டே எழவில்லை.

பட்டியலில் இருப்பதற்கும் கணக்கில் வருவதற்கும் நடுவே ஒரு பெருக்கல் வாய்ப்பாடு இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பல கவுண்டிகள் பின்பற்றும் முறை இது. ஒவ்வொரு ஆபத்துக்கும் நிகழும் வாய்ப்புக்கு 1 முதல் 3 வரை மதிப்பெண். அப்புறம் மக்கள், சொத்து, பொருளாதாரம் என்ற மூன்று தலைப்பிலும் பாதிப்புக்கு 1 முதல் 3. மக்களுக்கு எடை 3, சொத்துக்கு 2, பொருளாதாரத்துக்கு 1. எல்லாவற்றையும் கூட்டி, வாய்ப்பால் பெருக்கினால் தரவரிசை கிடைத்துவிடும். பார்க்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் மக்கள் தலைப்பில் 3 வாங்க, கவுண்டி மக்களில் பாதிப் பேராவது அந்த ஆபத்தின் எல்லைக்குள் இருக்க வேண்டும். கால்பங்குக்குக் கீழே போனால் 1.

நானே ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். நிலநடுக்கம்: வாய்ப்பு நடுத்தரம், 2. பாதிப்பு மூன்றிலும் 3. ஆக 9 + 6 + 3 = 18, இரண்டால் பெருக்கினால் 36. நிலச்சரிவு: சின்னச் சரிவு ஆண்டுதோறும் உண்டு, எனவே வாய்ப்பு 3. பாதிப்பு மூன்றிலும் 1. ஆக 3 + 2 + 1 = 6, மூன்றால் பெருக்கினால் 18. நிலநடுக்கத்தில் சரிபாதி.

ஓசோவில் இறந்த 43 பேர் அப்போதைய கவுண்டி மக்களில் சுமார் 0.006 சதவீதம். இந்த வாய்ப்பாட்டில் 43 பேர் இறந்தாலும் 430 பேர் இறந்தாலும் கட்டத்தில் விழும் எண் 1 தான். நாட்டின் பெருநிலப் பகுதியிலேயே மிக மோசமான இந்த நிலச்சரிவை உள்ளே போட்டாலும் எண் அசையாது என்றால், அந்த அளவுகோல் நிலச்சரிவை அளக்கவே இல்லை என்று பொருள். நிலநடுக்கம் முதலிடத்தில் இருப்பது தப்பென்று சொல்லவில்லை. அது அங்கேதான் இருக்க வேண்டும். ஆனால் முழுக் கவுண்டிக்கும் எவ்வளவு நட்டம் என்ற கேள்விக்கு எழுதிய விடையை வைத்துக்கொண்டு, இந்தத் தெருவில் ஒரு மனிதர் உயிரோடிருக்க எவ்வளவு வாய்ப்பு என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

மலைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது

அந்தச் சரிவை ஹேஸல் நிலச்சரிவு என்பார்கள். இருபதாம் நூற்றாண்டு முழுக்க அது அவ்வப்போது சரிந்துகொண்டே இருந்தது. 1951, 1967, 1988 என்று பல முறை. 2006 ஜனவரியில் சரிந்தபோது ஆற்றையே அடைத்தது. ஆற்றுக்குப் புது வழி வெட்ட வேண்டியதாயிற்று. ஆக, இந்த மலை அசையும் என்பது ஊருக்கே தெரியும்.

பனியுகத்தில் பனிப்படலம் இந்தப் பள்ளத்தாக்கின் வாயை அடைத்தபோது உள்ளே ஏரி தேங்கியது. ஏரியின் அடியில் மெல்லிய வண்டலும் களிமண்ணும் படிந்தன. அதன் மேல் பனியாற்று நீர் கொண்டுவந்த மணல். அப்புறம் பனி உருகிப் போக, ஆறு இதையெல்லாம் அறுத்துக்கொண்டு கீழே இறங்கியது. மேலே விட்மன் பெஞ்ச் என்ற தட்டையான மேட்டுநிலம் மிஞ்சியது. மழை மணலுக்குள் இறங்கும். களிமண்ணைத் தொட்டதும் இறங்க முடியாமல் அங்கேயே தேங்கும். கீழே ஆறு சரிவின் பாதத்தை அரித்துக்கொண்டே இருக்கும். மேலே ஈரப் பாரம், கீழே பிடிமானம் இல்லை. 2014 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்தப் பகுதியில் மழை நீண்டகாலச் சராசரியைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு.

இதையெல்லாம் 1999-இலேயே ஒருவர் எழுதி வைத்திருந்தார். டேனியல் மில்லர் என்ற புவியியலாளர் ராணுவப் பொறியாளர் படைக்காகத் தயாரித்த அறிக்கையில், இந்தச் சரிவு பெரிய அளவில் பேரழிவாக உடையக்கூடும் என்று இருக்கிறது. சரிவுக்குப் பிறகு ஊடகங்கள் எல்லாம் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டன. அறிக்கையின் நோக்கத்தைப் பலர் கவனிக்கவில்லை. அது எழுதப்பட்டது மீனுக்காக. சரிவிலிருந்து வரும் வண்டல், சால்மன் மீன்கள் முட்டையிடும் ஆற்றுப்படுகையைக் கெடுக்கிறது. அதைக் குறைக்க என்ன வழி என்பதுதான் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி.

2004-இல் கவுண்டியின் ஆற்றுத் திட்டத்தில் இதே இடம் மறுபடி வருகிறது. ஸ்டீல்ஹெட் ஹேவன் வீடுகளை விலைக்கு வாங்கி ஆட்களை அகற்றலாமா என்ற யோசனையும் அப்போது பரிசீலிக்கப்பட்டது. அது வெள்ளக் கட்டுப்பாட்டுத் திட்டம். கடைசியில் சரிவின் பாதத்தை ஆறு அரிக்காமல் தடுக்கும் வழியே எடுக்கப்பட்டது. 2006 சரிவுக்குப் பிறகு மரக்கட்டைகளால் ஒரு தடுப்புச் சுவரும் கட்டினார்கள். அதுவும் பெரும்பாலும் மீன்களுக்காகத்தான். 2006 சரிவுக்குப் பிறகும் அந்தக் குடியிருப்பில் புது வீடுகள் எழும்பின.

ஒரு அலுவலகம் மீனைப் பார்த்தது, இன்னொன்று வெள்ளத்தைப் பார்த்தது, மூன்றாவது கட்டட அனுமதியைப் பார்த்தது. மூன்றும் ஒரே மலையைத்தான் பார்த்தன. அங்கே குடியிருப்பவர் எத்தனை பேர், மண் அவர்கள்மேல் வந்தால் என்ன ஆகும் என்று கேட்பது யாருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை. இதை அலட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்ட கேள்விக்கு ஒவ்வொருவரும் ஒழுங்காகவே விடை எழுதியிருக்கிறார்கள்.

நூறு மீட்டரும் ஒரு கிலோமீட்டரும்

எனக்கு இந்த நிகழ்விலேயே முக்கியமாகப் படுவது இதுதான். 2006-இல் அந்த மண் நூறு மீட்டருக்குச் சற்று மேல் நகர்ந்து நின்றது. 2014-இல் பள்ளத்தாக்கின் தரையில் மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. சரிவின் உச்சி விளிம்பிலிருந்து மண் கடைசியாக நின்ற முனை வரை அளந்தால், உயரத்தைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல்.

கட்டட விதிகள் நிலச்சரிவு எல்லையை வரையும் விதத்தைப் பார்த்தால் இதன் கனம் புரியும். சரிவின் பாதத்திலிருந்து அதன் உயரத்தைப் போல ஒரு மடங்கோ இரண்டு மடங்கோ தூரம் வரை எச்சரிக்கைப் பகுதி என்று வைப்பது வழக்கம். 180 மீட்டருக்கு இரண்டு மடங்கு என்றால் 360 மீட்டர். செங்குத்தான மேட்டிலிருந்து மண்கட்டி உருண்டு விழுவதற்கு அது தாராளம். நீராய் ஓடும் மண்ணுக்கு அந்த 360 மீட்டர் வெறும் முன்வாசல்.

மண் ஏன் நீராய் ஓடியது? சரிவின் பாதத்திலும் ஆற்றுப்படுகையிலும் இருந்த நனைந்த மண்மேல் மேலிருந்து பாரம் இறங்கியதும், மண்துகள்களுக்கு இடையில் இருந்த நீருக்கு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் மிதக்கத் தொடங்கின. நனைந்த கடற்கரை மணலில் காலை வைத்து அதிரவைத்தால் கெட்டியாக இருந்த மணல் குழைந்துபோகிறதே, அதே சங்கதிதான். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ரிச்சர்ட் ஐவர்சன் குழு 2015-இல் இதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தது. தொடக்கத்தில் மண்ணில் இருந்த துளைவெளியின் அளவைச் சற்றே மாற்றினால், அதே மலை, அதே அளவு மண், நூறு மீட்டர் அளவில் மெதுவாக நகர்ந்து நின்றுவிடுகிறது. வித்தியாசம் அவ்வளவு சிறியது.

எந்தப் புவியியலாளரும் மண்ணுக்குள் குழாய் இறக்கி, "இந்த முறை ஓடும், இந்த முறை நிற்கும்" என்று முன்கூட்டிச் சொல்லும் நிலையில் இல்லை. அப்படியானால் 2006 கற்றுக்கொடுத்தது என்ன? மலை சரிந்தது, ஆறு அடைபட்டது, வீடுகள் தப்பின. அனுபவம் தந்த பாடம், ஆற்றைத் தாண்டி வராது என்பது. அந்த அனுபவமே அளவுகோல் ஆகிவிட்டது. பழைய நிகழ்வுகளின் பதிவை வைத்து ஆபத்தை அளப்பவர்கள் எல்லோரும் விழும் குழி இது: பதிவில் இருப்பவை பெரும்பாலும் சிறியவை, ஏனென்றால் பெரியவை நடந்தபோது எழுதிவைக்க ஆள் இல்லை.

எழுதிவைக்க ஆள் இல்லையே தவிர, எழுத்து இருந்தது. லைடார் படத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். விமானத்திலிருந்து லேசர் ஒளியை அனுப்பி, மரங்களைக் கணக்கிலிருந்து நீக்கி, தரையின் உருவத்தை மட்டும் எடுப்பார்கள். புகைப்படத்தில் பச்சைக் காடு தவிர ஒன்றும் தெரியாத இடம். லைடாரில் அதே பள்ளத்தாக்கின் இரு கரையிலும் கடித்த ரொட்டி போல வளைந்த விளிம்புகள், ஒன்றையடுத்து ஒன்று. ஒவ்வொரு விளிம்புக்கும் கீழே, சுருக்கம் விழுந்த துணியை விரித்ததுபோல மேடும் பள்ளமுமாக ஒரு நாக்கு, பள்ளத்தாக்கின் குறுக்கே நீண்டு கிடக்கும். ஓசோவுக்குப் பக்கத்திலேயே ரோவன் நிலச்சரிவு என்று ஒன்று. 2014 சரிவைவிடப் பெரியது. அதன் நாக்கும் ஆற்றைத் தாண்டிப் போயிருக்கிறது. இந்த லைடார் தரவு 2014-க்கு முன்பே கிடைத்துக்கொண்டிருந்தது. புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ரால்ஃப் ஹாகரட் அதைப் படித்து, பள்ளத்தாக்கின் பழைய சரிவுகளை வயது வாரியாகப் பிரித்து ஒரு வரைபடம் வெளியிட்டார். வெளியிட்டது சரிவு நடந்து சில வாரங்கள் கழித்து.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை?

படத்தில் தெரிவது பத்தாயிரம் ஆண்டுப் பழையதாக இருந்தால் அதை வைத்து யாரையும் வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியாது. பனிப்படலம் விலகிய புதிதில் எல்லாச் சரிவும் நடந்து முடிந்துவிட்டது, இப்போது அமைதி என்று சொல்லிவிடலாம். 2016-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஷான் லாஹூசன் குழு அந்தக் கேள்வியை எடுத்தது. ரோவன் சரிவின் மண்ணுக்குள் புதைந்திருந்த மரத்துண்டுகளின் வயதைக் கதிர்க்கார்பன் முறையில் கணித்தார்கள். சரிவின் மேற்பரப்பு காலம் போகப்போக மழுங்கும் என்பதால், எவ்வளவு கரடுமுரடோ அவ்வளவு இளசு. அந்தத் தொடர்பை வைத்து மற்றச் சரிவுகளின் வயதையும் கணித்தார்கள். ரோவனின் வயது சில நூறு ஆண்டுகள் மட்டுமே என்று வந்தது. அந்தப் பள்ளத்தாக்குத் துண்டில் பெரிய சரிவு ஒன்று நடக்க இடைவெளி 140 முதல் 500 ஆண்டு.

அதை ஒரு வீட்டுக்கடனின் காலத்தோடு வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவில் வீட்டுக்கடன் வழக்கமாக 30 ஆண்டு. 500 ஆண்டு இடைவெளி என்றால், கடன் தீர்வதற்குள் பள்ளத்தாக்கில் எங்காவது ஒரு பெரிய சரிவு நடக்க வாய்ப்பு சுமார் 6 சதவீதம். 140 ஆண்டு என்றால் 19 சதவீதம். எங்காவது என்பதை நினைவில் வைக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு எதிரே என்று அர்த்தமில்லை.

உங்கள் வீட்டுக்கு எதிரே என்றால் எவ்வளவு? இங்கே கொஞ்சம் துணிந்து ஊகம் செய்ய வேண்டும். அடுத்த பெரிய சரிவு இந்தக் குடியிருப்புக்கு எதிரே நடக்கப் பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். நூறாண்டாக அசைந்துகொண்டிருக்கும் மலைக்கு இது குறைவுதான், போகட்டும். ஒருவர் ஒரு நாளில் 65 சதவீத நேரம் வீட்டில் இருக்கிறார். மண் வந்தால் உள்ளே இருப்பவர் இறக்க 80 சதவீத வாய்ப்பு. மூன்றையும் பெருக்கினால் 0.052. இதை 500-ஆல் வகுத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒன்று. 140-ஆல் வகுத்தால் பத்தாயிரத்தில் நான்குக்குச் சற்றுக் குறைவு.

இது பெரிய எண்ணா, சின்ன எண்ணா? நிலச்சரிவோடு நெடுங்காலம் மல்லுக்கட்டிய ஹாங்காங் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் குடியிருப்பில் ஒரு நபருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒன்று வரை பொறுக்கலாம். புதிதாகக் கட்டும் இடத்தில் லட்சத்தில் ஒன்று. அந்த வரம்பில் வைத்தால், பழைய வீடுகள் விளிம்பிலோ அதைத் தாண்டியோ நிற்கின்றன. 2006-க்குப் பிறகு கட்டிய வீடுகள் பத்து முதல் முப்பத்தேழு மடங்கு தாண்டி நிற்கின்றன. என் ஊகங்களை இரண்டு மடங்கு இப்படி அப்படி மாற்றினாலும் புது வீடுகள் விஷயத்தில் முடிவு மாறாது.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 140-500 என்ற எண் 2014-இல் யார் கையிலும் இல்லை. பின்னால் வந்த அறிவை வைத்து முன்னால் இருந்தவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் லைடார் படத்தில் நாக்குகளை எண்ணிப் பார்க்கும் வேலைக்குக் கதிர்க்கார்பன் தேவையில்லை. ஆயிரம் ஆண்டுக்கு ஒன்று என்று தாராளமாக வைத்திருந்தால்கூடப் புது வீட்டுக்கான வரம்பை ஐந்து மடங்கு தாண்டியிருக்கும். அந்த ஐந்து மடங்கைக் காண ஒரு பிற்பகலும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

சராசரி என்ற திரை

ஃபெமா பிற்காலத்தில் தேசிய இடர்க் குறியீடு என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. 18 வகை ஆபத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டுச் சராசரி நட்டத்தைக் கணக்கிட்டு, சமூகத்தின் நலிவால் பெருக்கி, மீண்டெழும் திறனால் வகுத்து, நாட்டின் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு மதிப்பு. உயிருக்கும் விலை போடுகிறார்கள். 2023 பதிப்பில் ஓர் உயிருக்கு 1.16 கோடி டாலர். கேட்க நெஞ்சு உறுத்தும், ஆனால் விலை போடாவிட்டால் கணக்கில் உயிரின் மதிப்பு பூஜ்யமாகிவிடும் என்பதால் இதை நான் குறை சொல்லவில்லை.

அந்த விலைப்படி ஓசோவின் உயிர்நட்டம் சுமார் 50 கோடி டாலர். 140 ஆண்டுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 36 லட்சம். கவுண்டியின் 8.28 லட்சம் பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஆண்டுக்கு 4 டாலர் 30 சென்ட். 500 ஆண்டு என்றால் 1 டாலர் 20 சென்ட். எவரெட்டில் குடியிருப்பவரும் ஸ்டீல்ஹெட் ஹேவனில் குடியிருப்பவரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். குறியீட்டைச் சின்ன வட்டாரங்கள் வரை பிரித்துப் பார்க்கும் வசதி உண்டு. ஆனால் கிராமப்புறத்தில் ஒரு வட்டாரமே ஒரு பெரிய பள்ளத்தாக்கை விழுங்கிவிடும்.

இன்னொரு திரை கிழமை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆட்களை அவர்கள் தூங்கும் இடத்தில் எண்ணுகிறது. இந்தச் சரிவு வந்தது சனிக்கிழமை காலை. வார நாளாக இருந்தால் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருக்கக்கூடிய பலர் அன்று வீட்டில் இருந்தார்கள். வேலை செய்துகொடுக்க வெளியிலிருந்து வந்திருந்தவர்களும், நெடுஞ்சாலையில் சும்மா கடந்துபோனவர்களும் இறந்தவர்களில் உண்டு. அவர்கள் அந்தக் குடியிருப்பின் எந்தக் கணக்கிலும் இல்லாதவர்கள். அதே மண் செவ்வாய்க்கிழமை பகல் 11 மணிக்கு வந்திருந்தால் எண்ணிக்கை வேறாக இருந்திருக்கும்.

காப்பீட்டைப் பற்றி ஒரே வரி: அமெரிக்காவின் வழக்கமான வீட்டுக் காப்பீடு நில அசைவை ஏற்காது, அரசின் வெள்ளக் காப்பீடும் நிலச்சரிவை ஏற்காது.

பிறகு நடந்தவை

ஆளுநரும் கவுண்டியும் சேர்ந்து அமைத்த ஆணையம் 2014 டிசம்பரில் அறிக்கை தந்தது. மாநிலம் முழுக்க நிலச்சரிவு வரைபடம் வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரைகளில் ஒன்று. 2015-இல் வாஷிங்டன் சட்டமன்றம் லைடார் எடுப்பதையும் புவியியல் ஆபத்துகளை வரைவதையும் மாநிலப் புவியியல் துறையின் கடமையாக்கியது. மேலேயிருந்த காட்டில் மரம் வெட்டியதால் நீர் இறங்கியது கூடியதா என்ற வழக்கு விசாரணை தொடங்கும் தறுவாயில், 2016 அக்டோபரில், சமரசத்தில் முடிந்தது. மாநில அரசு 5 கோடி டாலரும், காட்டு நிலத்துக்குச் சொந்தமான நிறுவனம் 1 கோடி டாலரும் கொடுத்தன. மரம் வெட்டியதற்கும் சரிவுக்கும் தொடர்பு உண்டா என்பது நீதிமன்றத்தில் தீர்மானமாகவே இல்லை. 2021 ஜனவரியில் தேசிய நிலச்சரிவு ஆயத்தச் சட்டம் வந்தது.

வரைபடம் வருவது நல்லதுதான். ஆனால் வரைபடம் எங்கே சரிந்தது என்று காட்டும். எவ்வளவு தூரம் ஓடும் என்பதைத் தனியாக வரைய வேண்டும், எத்தனை பேர் எத்தனை மணி நேரம் அதன் கீழே இருக்கிறார்கள் என்பதை இன்னொருவர் தனியாக எண்ண வேண்டும். இந்த மூன்று தாள்களும் மூன்று அலுவலகங்களில் தனித்தனியாக இருந்தால் 1999-இல் நடந்ததுதான் மறுபடியும். அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் எனக்கு ஒரே ஒரு மாற்றம் கேட்க அனுமதி உண்டென்றால், தரவரிசைப் பட்டியலின் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு பட்டியல் கேட்பேன்: ஒரு நபருக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆபத்து என்பதை வைத்து, கவுண்டியிலேயே மோசமான இருபது இடங்கள், தெருப் பெயரோடு. அது வந்தால் நில விலை விழும், எதிர்ப்பு கிளம்பும். அதனாலேயே பல கவுண்டிகளில் அது எழுதப்படாமல் கிடக்கிறது என்பது என் சந்தேகம்.

நெடுஞ்சாலை 530 அதே பள்ளத்தாக்கில், மண்ணுக்குமேல் உயர்த்திக் கட்டப்பட்டு 2014 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஆர்லிங்டனுக்கும் டாரிங்டனுக்கும் நடுவே தினமும் அதில் ஆட்கள் போய்வருகிறார்கள். இது சரியா என்று கேட்டால், அதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சரிவு மூடிய 1.6 கிலோமீட்டரை 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 72 விநாடி. போக வர 144 விநாடி. ஒரு நாளில் அது 0.17 சதவீதம், வீட்டில் இருப்பவரின் 65 சதவீதத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 390-இல் ஒரு பங்கு. மற்ற எண்களை மாற்றாமல் பெருக்கினால், தினமும் போய்வரும் ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே. சாலை அங்கே இருக்கலாம். வீடுகள் இருந்த நிலத்தில் இப்போது யாரும் குடியில்லை. சாலையோரத்தில், சரிவின் பத்தாம் ஆண்டு நாளான 2024 மார்ச் 22-இல் திறந்த நினைவிடம் இருக்கிறது.